எலிப்பொறியும் தப்பியவர்களும்

இரவு பதினொன்றரைக்கு மேல், அடுப்புகள் அணைந்த பிறகுதான் குசினியில் எம்மவர்கள் ஆறுதலாகக் கதைக்கத் தொடங்குவார்கள். அப்படியொரு இரவில், நிலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மரக்கறி வெட்டும் அண்ணை தனது சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுப்பிரசுரத்தை எடுத்து நீட்டினார். ஞாயிறுகளில் அவர் போகும் சபையில் கொடுத்தது. தமிழில் அச்சிட்டிருந்தார்கள். முகப்பில் ஓர் எலிப்பொறியின் படம்.

"தம்பி, நீர் கம்பஸிலை உயிரியல் படிச்ச ஆள்தானே. இந்த எலிப்பொறியிலை ஒரு கம்பியைக் கழட்டிவிட்டால் எலி பிடிபடுமே? அப்ப இது துண்டு துண்டாய்த் தானாய் வந்திருக்க ஏலாது. ஆரோ யோசிச்சுச் செய்திருக்க வேணும். ஒரு எலிப்பொறிக்கே ஆள் வேணுமெண்டால், மனுசனுக்கு?"

கோப்பை கழுவும் பக்கமிருந்து இன்னொருவன் குரல் கொடுத்தான். "கடவுளுமில்லை, கத்தரிக்காயுமில்லை அண்ணை. வலியது தப்பும், மெலியது சாகும். அவ்வளவுதான். நாங்கள் வலியம். அதாலைதான் இஞ்சை நிக்கிறம்."

அண்ணை ஒன்றும் பேசாமல் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியேறினார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

இருவருக்கும் அன்று நாம் பதில் சொல்லவில்லை. உண்மையில் எம்மிடம் பதில் இருக்கவில்லை. ஏ.எல். வகுப்பில் 'கூர்ப்பு' என்ற பாடத்தைப் படித்தோம். பரீட்சையில் அதற்குப் புள்ளியும் எடுத்தோம். லாமாக்கின் ஒட்டகச்சிவிங்கியும் டார்வினின் குருவிகளும் மனப்பாடம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பு நின்றது. அந்தப் பாடம் எமது வாழ்வைப் பற்றி ஏதேனும் சொல்கிறதா என்று அங்கு ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. அந்த இரவுக்குப் பிறகு, லீவு நாட்களில் பொதுநூலகத்தில் இருந்து வாசித்ததையும் யோசித்ததையும் இங்கு எழுதுகிறோம்.

*

முதலில் எலிப்பொறி.

வாதம் பழையது. 1802இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார் இதையே மணிக்கூட்டை வைத்துச் சொன்னார். வெட்டவெளியில் நடந்து போகையில் ஒரு கல் காலில் இடறினால், அது அங்கு எப்படி வந்தது என்று யோசிக்கமாட்டோம். ஒரு மணிக்கூடு கிடந்தால் அதைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்று உடனே முடிவுசெய்வோம். கண் மணிக்கூட்டைவிட நுட்பமானது. ஆகவே அதற்கும் ஒருவர் இருந்தாக வேண்டும் என்றார் பேலி. கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்தபோது டார்வின் பேலியை விரும்பிப் படித்தவர். 1859இல் வெளிவந்த அவரது நூல் பேலியின் கேள்வியைப் புறந்தள்ளவில்லை. உயிர்களின் உறுப்புகள் ஏன் இவ்வளவு பொருத்தமாயிருக்கின்றன என்ற அதே கேள்விக்கு வேறு விடை சொன்னது. ஒரே தாயின் குட்டிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிறப்பவை எல்லாம் பிழைப்பதுமில்லை. சிறு வேறுபாடொன்று பிழைக்க உதவினால் அது அடுத்த தலைமுறையில் கூடுதலாகக் காணப்படும். இது இலட்சக்கணக்கான தலைமுறைகளுக்கு நடந்தால், யோசித்துச் செய்தது போன்ற ஒன்று யோசிப்பவர் இல்லாமலே உருவாகும்.

எலிப்பொறியைக் கொண்டுவந்தவர் அமெரிக்க உயிர்இரசாயனப் பேராசிரியர் மைக்கல் பீஹி. 1996இல் அவர் எழுதிய 'டார்வினின் கறுப்புப் பெட்டி' என்ற நூலில் அது வருகிறது. அவரைப் பற்றி ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உலகம் ஆறு நாளில் உண்டானது என்பவர் அல்லர் அவர். பூமியின் வயதையும் உயிர்களுக்குப் பொதுவான மூதாதை உண்டென்பதையும் ஏற்பவர். அவர் சொல்வது இதுதான்: சில அமைப்புகளில் ஒரு பாகத்தை எடுத்தாலும் முழுதும் செயலற்றுப் போகும், அப்படிப்பட்டவை படிப்படியாக வந்திருக்க முடியாது. பற்றீரியாவின் சவுக்குமுளை அவருக்குப் பிடித்த உதாரணம். உறைக்குள் பதிந்த சுழலி, அச்சு, வளைந்த கொளுக்கி, நீண்ட வால். வள்ளத்தில் பூட்டும் மெஷினைப் போல் அது சுற்ற, பற்றீரியா நீந்துகிறது. ஏறத்தாழ 40 வகைப் புரதங்கள் சேர்ந்த கருவி.

பதில் சொன்னவர்களில் ஒருவர் கென்னத் மில்லர். கலத்தியலாளர், கத்தோலிக்க விசுவாசி. எலிப்பொறியின் சில பாகங்களைக் கழற்றிவிட்டு மிச்சத்தைக் கழுத்துப்பட்டியில் ஊசியாக மாட்டிக் காட்டுவார். எலி பிடிபடாது, கழுத்துப்பட்டி நிற்கும். சவுக்குமுளையின் அடிப்பாகத்திலுள்ள புரதங்களில் பத்து வரையானவை, கொள்ளைநோய்ப் பற்றீரியா எமது கலங்களுக்குள் நஞ்சு செலுத்தும் ஊசியிலுள்ள புரதங்களின் உறவுகள். எது முதலில் வந்தது என்பது தனிக் கேள்வி. வாலில்லாமலும் அந்தப் பாகங்களுக்கு வேலையுண்டு என்பதே இங்கு முக்கியம்.

இதை விளங்கிக்கொள்ள எமக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில், பற்றறி கிடைக்காத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். டைனமோ வானொலிக்காகச் செய்யப்பட்டதல்ல. உதாரணம் முழுமையானதல்ல என்பது தெரியும். அங்கு சுற்றுவதற்கு ஒரு மனிதக் கை இருந்தது. ஆனால் ஒரு பொருள் இன்று செய்யும் வேலையை வைத்து, அது அதற்காகவே பிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

*

இந்த வாதம் அமெரிக்காவில் புத்தகத்தோடு நிற்கவில்லை. வகுப்பறைக்குள் போக முயன்றது. விவிலியப் 'படைப்புவாத'த்தைக் கூர்ப்புக்குச் சமமாகக் கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா மாநிலச் சட்டம் செல்லாதென்று 1987இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்கப் பாடசாலையில் சமயம் போதிக்க அரசியலமைப்பு இடம்கொடாது என்பதே காரணம். அதன்பின் பரவிய பெயர்தான் 'அறிவார்ந்த வடிவமைப்பு'. வடிவமைத்தவர் கடவுள் என்று அது சொல்லாது. ஆரோ ஒருவர் என்று மட்டும் சொல்லும்.

2004 ஒக்ரோபரில், பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற சிற்றூரின் பாடசாலைச் சபை ஆறுக்கு மூன்று வாக்குகளால் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதன்படி, ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு ஓர் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும்: டார்வினுடையது வெறும் கோட்பாடு, அதில் இடைவெளிகள் உண்டு, வேறு விளக்கமும் உண்டு, 'பண்டாக்களும் மக்களும்' என்ற நூலில் அதைப் பார்க்கலாம். விஞ்ஞான ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். 2005 ஜனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். பதினொரு பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள்.

வழக்கில் அந்த நூலின் பழைய வரைவுகள் வெளிவந்தன. 1987 தீர்ப்புக்கு முந்திய வரைவில் ஏறத்தாழ 150 இடங்களில் 'படைப்பு' சார்ந்த சொற்கள் இருந்தன. தீர்ப்புக்குப் பிந்திய வரைவில் அதே இடங்களில் 'வடிவமைப்பு' இருந்தது. ஓரிடத்தில் அவசரத்தில் திருத்தியவர் பழைய சொல்லின் தலையையும் வாலையும் அழிக்க மறந்து நடுவில் புதிய சொல்லைச் செருகியிருந்தார். பீஹி சாட்சிக் கூண்டில் ஏறினார். உடலின் நிர்ப்பீடனத் தொகுதி எப்படிக் கூர்ப்படைந்தது என்பதற்கு விஞ்ஞானத்திடம் விடையில்லை என்று எழுதியவர் அவர். 58 ஆய்வுக் கட்டுரைகளும் ஒன்பது நூல்களும் அவர் முன் அடுக்கப்பட்டன. அவையும் போதாதென்றார்.

2005 டிசம்பர் 20இல் நீதிபதி ஜோன் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு வழங்கினார். அறிவார்ந்த வடிவமைப்பு விஞ்ஞானமல்ல. சபையின் நோக்கம் சமயம் சார்ந்தது. ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷினால் நியமிக்கப்பட்டவர் அவர், தேவாலயத்துக்குப் போகிறவர். ஆகவே 'நாஸ்திகரின் தீர்ப்பு' என்று தள்ளிவிட வழியில்லை. எம்மை நிறுத்திய இடம் தீர்ப்பின் இன்னொரு பகுதி. நூலை வாங்கத் தேவாலயத்தில் பணம் சேர்க்கப்பட்டதைச் சபையினர் சிலர் மறைத்தார்கள் என்றும், தமது விசுவாசத்தை ஊரறியப் பறைசாற்றியவர்கள் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார்கள் என்றும் நீதிபதி எழுதினார்.

கடவுளைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா? கல்லெறியும் தகுதி எமக்கு இல்லை. பெரியதோர் இலட்சியத்துக்காகச் சிறு பொய்கள் சொல்லப்பட்ட மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். இங்கு வந்தும், அகதி விண்ணப்ப விசாரணையில், மெய்யான கதையை அதிகாரி நம்ப வேண்டுமே என்று பொய்யொன்றைச் சேர்த்தவர்கள் எம்மில் உண்டு. அதன் விலை பின்னர்தான் தெரியும். சேர்த்த பொய் மெய்யையும் அரித்துவிடும். சொன்னவருக்கே தன் கதை அந்நியமாகிவிடும். ஆனாலும் அகதி பயத்தில் சொன்னார். டோவரில் சொன்னவர்கள் அதிகாரத்தில் இருந்து, பதினான்கு வயதுப் பிள்ளைகளின் பாடத்துக்காகச் சொன்னார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எமக்கு மனமில்லை.

*

வழக்குகள் முடிந்துவிடும். ஆனால் அண்ணையின் கேள்வி வழக்கல்ல. படைப்பில் ஒரு திட்டம் உண்டென்ற நம்பிக்கை அவருக்கு ஆறுதல். அந்த ஆறுதலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பீஹி 2007இல் இன்னொரு நூல் எழுதினார். அதில் மலேரியாக் கிருமி நுணுக்கமாக ஆராயப்படுகிறது. தனது வாதத்தைத் தயங்காமல் கடைசிவரை கொண்டுபோகிறார்: மலேரியாவும் வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டது என்கிறார். அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். சவுக்குமுளையின் நுட்பம் ஒரு வடிவமைப்பாளரைக் காட்டுமென்றால், நுளம்பின் உமிழ்நீரிலும் எமது ஈரலிலும் செங்குருதிக் கலத்திலும் மாறிமாறி வேடம் போடும் அந்தக் கிருமியின் நுட்பமும் அவரைத்தான் காட்டும். நல்லதற்கு மட்டும் அவரைக் கூப்பிட முடியாது. 2023இல் உலகில் ஏறத்தாழ 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆபிரிக்காவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

எமது நாட்டுக்கும் இது தெரிந்த கதை. 1934–35இல் இலங்கையில் மலேரியா 80,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மழை பொய்த்து, ஓடும் ஆறுகள் குட்டைகளாகி, நுளம்பு பெருகியது. ஏற்கெனவே பசியில் கிடந்த கிராமங்கள் முதலில் விழுந்தன. அவர்களது சாவில் ஒரு நோக்கம் இருந்ததென்று அந்தக் கிராமங்களில் போய்ச் சொல்ல எமக்கு நா வராது. மருந்தும் பருப்பும் சுமந்துகொண்டு போன சூரியமல் இயக்கத்துப் பிள்ளைகள் காரணத்தைத் தேடியது வானத்திலல்ல. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அது வடிவமைக்கப்பட்டதென்றால், வீடுவீடாக மருந்தடித்தவர்களும் இரத்தம் எடுத்துச் சோதித்தவர்களும் அந்த வடிவமைப்பாளரின் வேலையைக் குழப்பியவர்கள் ஆகிறார்கள்.

டார்வினை உறுத்தியதும் இதுதான். 1860இல், தனது விசுவாசி நண்பரான அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் ஒரு குளவியைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அது உயிருள்ள மயிர்க்கொட்டிக்குள் முட்டையிடும்; பொரித்த புழுக்கள் உள்ளிருந்தே தின்று வளரும். அன்புள்ள கடவுள் ஒருவர் இதை வேண்டுமென்று படைத்தார் என நம்பத் தம்மால் முடியவில்லை என்றார். அக்கடிதத்தில் வெற்றிக்களிப்பு இல்லை. இது மனித அறிவுக்கு எட்டாத ஆழமென்றும் சொல்கிறார். படைத்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் விட்டவர் டார்வின்தானோ என்று கூட எமக்குத் தோன்றியதுண்டு.

*

இனிக் கோப்பை கழுவுபவனின் பக்கம். வலியது தப்பும் என்கிறான். பள்ளிக்கூடத்தில் நாம் டார்வினிடமிருந்து கற்றதாக நினைப்பதும் இதையே. 'தக்கன பிழைத்தல்' என்ற பொருளுடைய சொற்றொடரை 1864இல் ஆக்கியவர் ஹேர்பேட் ஸ்பென்சர்; டார்வின் 1869ஆம் வருடப் பதிப்பில்தான் அதைச் சேர்த்தார். சேர்க்காமலே விட்டிருக்கலாம். ஏனெனில் 'தக்கது' என்றதும் நாம் 'தகுதியுள்ளது' என்று கேட்கிறோம்.

1925இல் ரெனசி மாநிலத்தின் டேய்ட்டன் ஊரில், கூர்ப்பைக் கற்பித்ததற்காக ஜோன் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியருக்கு 100 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவருக்கு எதிராக வாதாட வந்த வில்லியம் ஜெனிங்ஸ் பிரையனை மூடநம்பிக்கைக்காரராகவே நாம் அறிந்திருந்தோம். வாசித்துப் பார்த்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். ஏழை விவசாயிகளின் பக்கம் நின்றவர். யுத்தத்துக்கு இட்டுச்செல்லும் கொள்கையென்று கருதி 1915இல் அரசுச் செயலாளர் பதவியைத் துறந்தவர். வலியவர் மெலியவரை அழிப்பது இயற்கையின் சட்டம் என்று ஜேர்மன் படை அதிகாரிகள் யுத்தத்தை நியாயப்படுத்தியதை வாசித்துக் கலங்கியவர். ஸ்கோப்ஸ் வழக்கின் மையத்திலிருந்த 1914ஆம் வருடப் பாடநூலிலும் நஞ்சு இருந்தது. மனிதரை ஐந்து இனங்களாகப் பிரித்து, வெள்ளையரை உச்சியில் வைத்து, 'குறைபாடுள்ள' குடும்பங்கள் பெருகாமல் தடுக்க வேண்டும் என்றது. பிரையன் உயிரியலில் பிழைவிட்டார். அவரது பயம் பிழையல்ல.

வழக்குக்கு முந்திய வருடம், 1924இல், அமெரிக்கா புதிய குடிவரவுச் சட்டம் இயற்றியது. தென், கிழக்கு ஐரோப்பியரை மிகக் குறைத்து, ஆசியரை ஏறத்தாழ முற்றாகவே தடுத்த சட்டம். அதற்கு முன் காங்கிரஸ் குழுவில் 'நல்வாரிசு' நிபுணர் சாட்சி சொன்னார். தகுதி குறைந்த இரத்தம் நாட்டுக்குள் வருகிறது என்றார். அகதியாக எல்லையில் நின்ற எவருக்கும் இந்தக் குரல் பழக்கமானது. 'வலியது வாழும்' என்று எமது குசினியில் ஒருவன் பெருமையாகச் சொல்லும் வாக்கியம், அவனையே வெளியில் நிறுத்துவதற்காகப் பாவிக்கப்பட்ட வாக்கியம்.

விஞ்ஞானம் அப்படிச் சொல்லவுமில்லை. அரிவாளுருக் கலத்தைப் பாருங்கள். அதற்கான பரம்பரையலகு பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் பிள்ளைக்குக் கடும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவின் கொடுமையிலிருந்து பாதுகாப்பு. 1954இல் அன்ரனி அலிசன் கிழக்கு ஆபிரிக்காவில் கண்டறிந்த உண்மை இது. அப்படியானால் அந்தப் பரம்பரையலகு தக்கதா, தகாததா? நுளம்பு உள்ள ஊரில் ஒரு பதில், இல்லாத ஊரில் வேறு பதில். ஒரே வீட்டில் அண்ணனைக் காத்தது தங்கையைக் கொல்லும். இதில் வலிமை எங்கே, தகுதி எங்கே? இயற்கைத் தேர்வு என்பதில் 'தேர்வு' என்ற சொல்தான் எம்மை ஏமாற்றுகிறது. அங்கு பரீட்சை வைத்தவருமில்லை, புள்ளி போட்டவருமில்லை.

ஆகவே எமக்குத் தோன்றுவது இது. எதிரும் புதிருமாக நிற்கும் இந்த இரு வாக்கியங்களும் ஒரே பிழையைச் செய்கின்றன. நடந்துவிட்டதை நியாயமாக்குகின்றன. ஒன்று 'நடந்ததில் நோக்கம் இருந்தது' என்கிறது. மற்றது 'நடந்ததற்குத் தகுதியே காரணம்' என்கிறது. இரண்டும் தப்பியவரைப் பற்றிப் பேசுவதாகத் தெரியும். உண்மையில் இரண்டும் இறந்தவரைப் பற்றிய தீர்ப்புகள்.

*

அண்ணையின் கதையைச் சொல்லாமல் முடிக்க இயலாது. 2009ஆம் வருட ஆரம்பத்தில், வன்னியில், அவர் பதுங்குகுழியிலிருந்து தண்ணீர் அள்ளப் போனார். போன பத்து நிமிடத்தில் ஷெல் விழுந்தது. உள்ளே தங்கையும் அவளது இரண்டு பிள்ளைகளும். "ஏதோ ஒரு காரியத்துக்காக ஆண்டவர் என்னை வெளியிலை எடுத்தவர்" என்பார். கோப்பை கழுவுபவன் ஐரோப்பிய எல்லைக் காடொன்றைப் பனியில் கடந்து வந்தவன். கால் மரத்து விழுந்த ஒருவனை விட்டுவிட்டு நடக்க வேண்டியிருந்ததென்று ஒருமுறை, வெறியில், சொல்லியிருக்கிறான். "நாங்கள் வலியம்" என்பது அவன் திரும்பிப் பார்க்காமலிருப்பதற்கான வழி.

நாமும் தப்பியவர்கள்தான். கம்பஸ் அறையிலிருந்து நண்பன் ஒருவன் வெளியே போய்ப் பிடிபட்ட அன்று, அவனோடு போகவேண்டிய நாம் காய்ச்சலில் படுத்திருந்தோம். சாதாரணத் தடிமன் காய்ச்சல். அதற்கு நோக்கமும் இருக்கவில்லை, எமக்குத் தகுதியும் இருக்கவில்லை. அவன் எம்மைவிடக் கெட்டிக்காரன். நடந்தது நடந்தது. இதைச் சொல்லிக்கொண்டு வாழ்வது கடினம். ஆனால் வேறெந்த வாக்கியத்தைச் சொன்னாலும் அவனை இன்னொருமுறை காட்டிக்கொடுப்பது போலிருக்கிறது. திட்டமில்லாத உலகில் அர்த்தமில்லை என்பார்கள். எமக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே எழுதிவைக்கப்படாததால்தான், அந்தக் குழிக்கு ஷெல்லை அனுப்பியவர்களிடம் கேள்வி கேட்க எமக்கு உரிமை இருக்கிறது.

ஒரு மனிதரின் ஆறுதலைப் பறிக்க இவ்வளவும் போதுமான காரணமா? இந்தக் கேள்விக்கு முன்னால் நாம் இன்னும் நிற்கிறோம்.

இரு வாரங்களின் பின், துண்டுப்பிரசுரத்தை அண்ணையிடம் திருப்பிக் கொடுத்தோம். கழுத்துப்பட்டி ஊசியைப் பற்றியும் டைனமோவைப் பற்றியும் சொன்னோம். டைனமோவுக்குச் சிரித்தார், அவரும் சுற்றியவர்தான். "அப்ப தங்கச்சியின்ரை விசயம்?" என்று அவரே கேட்டார். தெரியாது என்றோம். கோப்பை கழுவுபவன் தண்ணீரை நிறுத்திவிட்டு எம்மைப் பார்த்தான்.

அண்ணை வெகுநேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிறகு, நாம் அவரை அறிந்த இந்த ஆறு வருடங்களில் முதற்தடவையாக, அந்தப் பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னார். மூத்தவள் நன்றாகப் படம் கீறுவாளாம்.